வால் வேண்டாத ஆங்கில வார்த்தைகள்

நம் வீடுகளில் ஆங்கிலம் பேசாதவர்கள் யாருமே இல்லை என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. "வாப்பா இன்றைக்கு லேட்டாத்தான் வருவார்", "கொஞ்சம் ஃபாஸ்டா நட மகள்", "போத்தல் மூடியை டைட்டா மூடு", "டிஸ்பென்சரியில் மருந்து ஃப்ரீயாகக் கொடுக்கிறார்கள்" என்று சுபஹிலிருந்து இஷா வரை நாம் பேசுவதை எழுதி வைத்தால் ஒரு கொப்பி நிறைந்து விடும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எனது உம்மும்மாகூட "லேட்டா" என்றுதான் சொல்லுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆங்கில வார்த்தையை நாம் அப்படியே விடுவதில்லை. கடைசியில் ஒரு "ஆ"வைத் தொங்கவிட்டு விடுகிறோம். லேட் என்பது லேட்டா ஆகிறது, ஃபாஸ்ட் என்பது ஃபாஸ்டா ஆகிறது. ஏனென்றால் தமிழில் நமக்குப் பழக்கம் அப்படி. பொருளைச் சொல்லும்போது "அழகான வீடு" என்போம். செயலைச் சொல்லும்போது "அழகாகக் கட்டினார்" என்போம். முன்னதற்கு "ஆன", பின்னதற்கு "ஆக". இலக்கணம் படிக்காதவர்களும் இதில் தடுமாறுவதில்லை.

பிள்ளை ஆங்கிலம் எழுத உட்கார்ந்ததும் இந்த "ஆக"வுக்குச் சமமான ஒன்றைத் தேடுகிறது. பாடசாலையில் "லி" என்ற வாலைக் கற்றுக் கொடுக்கிறார்கள். நைஸ் என்றால் நல்ல, நைஸ்லி என்றால் நன்றாக. பியூட்டிஃபுல் என்றால் அழகான, பியூட்டிஃபுலி என்றால் அழகாக. மெத்தச் சரி. பெரும்பாலான சொற்களுக்கு இது பொருந்தவும் செய்கிறது. அதனால்தான் பிள்ளைக்குத் துணிச்சல் வந்து, எந்தச் சொல்லைக் கண்டாலும் வாலை ஒட்டிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. ஹார்ட், ஃபாஸ்ட், லேட், ஹை, ஸ்ட்ரெய்ட் என்று அன்றாடம் புழங்கும் சொற்கள். இவை பொருளோடு நின்றாலும் செயலோடு நின்றாலும் உருவம் மாறாதவை. வாலை ஒட்டினால் சில சொற்கள் இல்லாத வார்த்தையாகி விடும். ஃபாஸ்ட்லி என்று இன்றைய ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை. சில சொற்களோ அதைவிடப் பொல்லாதவை. வாலை ஒட்டியதும் வேறு அர்த்தத்துக்குத் தாவிவிடும்.

நான் ஹட்டனில் வாழ்க்கைப்பட்டவள். அரசாங்கப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எங்கள் வீட்டு முன் அறையில் சில பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் பஸாரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள். மழைக் காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பாதையால் இறங்கி வருவார்கள்.

அவர்களில் ஒருத்தி உயர்தரப் பரீட்சை முடித்தவள். தாய் கொழுந்து எடுக்கிறார். தகப்பன் இல்லை. இவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு நின்றுகொண்டு, நுவரெலியாவில் உள்ள ஒரு சுற்றுலா விடுதியில் வரவேற்புப் பகுதி வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருந்தாள். தபாலில் போடுமுன் எனக்குக் காட்டினாள். அழகான கையெழுத்து. மூன்றாவது வரியில் "ஐ வேர்க் ஹார்ட்லி எவ்ரி டே" என்றிருந்தது.

"இது என்ன மகள்?" என்றேன்.

"ஒவ்வொரு நாளும் ஹார்டா வேலை செய்றேன்னு எழுதியிருக்கேன் டீச்சர்" என்றாள்.

அந்த வரியை ஆங்கிலம் அறிந்த ஒருவர் வாசித்தால், "நான் பெரும்பாலும் வேலையே செய்வதில்லை" என்று சொல்ல வந்து தடுமாறியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார். ஹார்ட் என்றால் கடுமை. ஹார்ட்லி என்றால் அரிதாக, ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். பழைய ஆங்கிலத்தில் ஹார்ட்லி என்பதற்கும் கடுமையாக, சிரமப்பட்டு என்ற அர்த்தம் இருந்தது. சிரமப்பட்டுச் செய்வது எப்போதாவதுதான் நடக்கும் அல்லவா? அப்படியே வழுக்கி வழுக்கி "அரிதாக" என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தமிழில் "அரிது" என்ற சொல்லையே பாருங்கள். செய்வதற்குக் கடினமானதும் அரிது, காணக் கிடைக்காததும் அரிது. நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் நடந்த பயணம்தான் ஆங்கிலத்தில் ஹார்ட்டுக்கும் ஹார்ட்லிக்கும் இடையில் நடந்திருக்கிறது.

நான் விளக்கியதும் அவள் முகம் தெளியவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தாள். பத்திரிகைத் தாளால் உறை போட்டு, மூலை மடங்காமல் வைத்திருந்தாள். சாதாரண தர வகுப்பில் எழுதிய கட்டுரை. தலைப்பு "எனது தாய்". அதில் "மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்" என்று அவள் சரியாகவே எழுதியிருக்கிறாள். அந்த ஹார்ட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் "லி" சேர்க்கப்பட்டு, அரைப் புள்ளியும் வெட்டப்பட்டிருந்தது.

"இது சார் திருத்திக் குடுத்தது டீச்சர். அதுக்கப்புறம் நான் லி போடாம எழுதினதே இல்லை."

எந்தப் பாடசாலை, யார் திருத்தியது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இருட்டு விலகுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பெரட்டுக்கு ஓடி, அட்டைக் கடிக்கும் மழைக்கும் நடுவில் நாள் முழுதும் கூடை சுமக்கிற ஒரு தாயைப் பற்றி மகள் எழுதிய ஒரு வரி. அந்தச் சிவப்பு மை அவரை வேலையே செய்யாதவராக்கி விட்டது. அதற்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, நாலு வருடம் பத்திரமாக வைத்திருக்கிறாள் பிள்ளை.

சிங்களச் சகோதரர்கள் ஆங்கிலத்தைக் "கடுவ" என்று சொல்வார்கள். வாள் என்று அர்த்தம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் வெட்டுவார், இல்லாதவர் வெட்டுப்படுவார். லயத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாள் இரண்டு பக்கமும் கூரானது. சரியாக எழுதினாலும் வெட்டு, பிழையாக எழுதினாலும் வெட்டு.

அவளுக்கு இப்போது ஒரு சங்கடம். சிவப்பு மையை நம்புவதா, இந்த ஓய்வு பெற்ற டீச்சரை நம்புவதா? வாயால் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கண்ணில் தெரிந்தது. நான் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தேயிலைப் பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அதன் மேல் "ஹை குரோன்" என்று அச்சிடப்பட்டிருந்தது.

நம் நாட்டுத் தேயிலையை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீற்றர் வரை விளைவது லோ குரோன். அதற்கு மேல் 1200 மீற்றர் வரை மீடியம் குரோன். அதற்கும் மேலே விளைவது ஹை குரோன். நமது ஹட்டனும், 1868 மீற்றர் உயரத்தில் குளிரில் நடுங்கும் நுவரெலியாவும் இந்த ஹை குரோன் சீமைதான். குரோன் என்றால் வளர்ந்தது, விளைந்தது. எங்கே விளைந்தது? உயரத்தில். அந்த "உயரத்தில்" என்பதைச் சொல்லும் சொல்தான் ஹை. இங்கே அது செயலைத்தான் தழுவி நிற்கிறது. ஆனாலும் அதற்கு வால் இல்லை. ஹைலி குரோன் என்று எந்தப் பெட்டியிலும் எழுத மாட்டார்கள். எழுதினால் அர்த்தமே இல்லை. ஹைலி என்றால் மிகவும், உயர்வாக என்று பொருள். "மிகவும் விளைந்த தேயிலை" என்று ஒரு தேயிலை உண்டா?

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இந்த மலையில் விளைந்து உலகமெல்லாம் போன பெட்டிகளும் பைக்கற்றுகளும், வால் இல்லாத அந்தச் சொல்லை முதுகில் சுமந்துகொண்டு போயிருக்கின்றன. அவளுடைய தாய் பறித்த கொழுந்தும் அதற்குள் இருக்கிறது. பிள்ளை பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ ஹைக்கு லி வேணாம்னா ஹார்டுக்கும் வேணாமா டீச்சர்?"

வேண்டாம்தான். அதற்கும் தோட்டத்திலேயே சான்று இருக்கிறது. கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் முதலில் வாட்டுவார்கள். ஈரம் நன்றாக இறங்கும்வரை வாட்டுவதை "ஹார்ட் விதர்" என்பார்கள். மலையுச்சித் தேயிலைக்கு அப்படி வாட்டுவது வழக்கம். இப்போது ஒரு உத்தியோகத்தர் அறிக்கை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இலை ஹார்டாக வாட்டப்பட்டது" என்று சொல்ல நினைத்து ஹார்ட்லி என்று எழுதிவிட்டால், வாசிப்பவர் "இலை வாட்டப்படவேயில்லை" என்று விளங்கிக்கொள்வார். ஒரு வாலுக்காக ஒரு நாள் தேயிலையே கேள்விக்குள்ளாகிவிடும்.

இந்தச் சொற்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது ஆசிரியர்களின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. காரணம் இருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களுக்கும் ஒரு வால் இருந்தது. மிகச் சின்னது, "எ" என்ற ஓசை மட்டும். கடினமான என்பதற்கு "ஹெயார்ட்" என்றும், கடினமாக என்பதற்கு "ஹெயார்டெ" என்றும் சொன்னார்கள். காலம் போகப் போகச் சொல்லின் கடைசியில் இருந்த அந்த மெல்லிய ஓசை வாயிலேயே கரைந்து போயிற்று. அது போனதும் இரண்டும் ஒன்றாகி விட்டன. ஆகவே இவை வால் முளைக்காத சொற்கள் அல்ல, வால் தேய்ந்த சொற்கள். "லி"யின் கதை வேறு. அது முன்னொரு காலத்தில் "லிக்" என்ற தனிச் சொல், உடல், உருவம் என்று பொருள். நமது "ஆக" என்பதும் "ஆகு" என்ற வினையிலிருந்து வந்ததுதானே. எல்லா மொழியிலும் வால்கள் ஒரு காலத்தில் முழு உடம்போடு திரிந்தவைதான் போலும்.

1700களில் இங்கிலாந்தில் இலக்கண ஆசிரியர்கள் பெருகினார்கள். 1762இல் ரொபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் இலக்கண நூல் எழுதினார். பொருளுக்குரிய சொல்லைச் செயலுக்கு அப்படியே வைப்பது தகாது என்பது அவருடைய கட்சி. அதையொட்டி 1795இல் லிண்ட்லி மரே என்பவர் இன்னொரு நூல் எழுதினார். (பெயரிலேயே லி வைத்திருந்தவர், அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்!) அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தின் யோர்க் நகருக்குப் பக்கத்தில் குடியேறியவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பாடசாலையின் ஆசிரியைகள் தங்கள் மாணவிகளுக்காகக் கேட்டுக்கொண்டதால்தான் அந்த நூலை எழுதினார். அது பிறகு லட்சக்கணக்கில் விற்றது. அதற்கு முன் வால் இல்லாமல் தாராளமாகப் புழங்கிய எத்தனையோ சொற்களுக்கு இப்படிப்பட்ட நூல்களின் செல்வாக்கால் "லி" கட்டாயமாயிற்று. ஹார்ட், லேட், நியர் போன்றவை தப்பித்துக்கொண்டன. ஏனென்றால் அவற்றின் "லி" வடிவங்கள் வேறு அர்த்தத்துக்குக் குடிபெயர்ந்து போயிருந்தன. ஆக, வால் இல்லாமல் எழுதுவது படிக்காதவர் செய்யும் பிழை என்ற எண்ணம் வந்ததே பிந்திய காலத்தில்தான். வால் இல்லாத வடிவம் அதைவிட மிகப் பழையது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் காதில் விழும் மற்ற மொழிகளும் வாலை விடுவதில்லை. சிங்களத்தில் நல்ல என்பதற்கு "ஹொந்த", நன்றாக என்பதற்கு "ஹொந்தட்ட". மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்கு இரண்டு பேஷும் இரண்டு ஸபரும் தெரியும். அறபியில் "ஸரீஉன்" என்றால் வேகமான, "ஸரீஅன்" என்றால் வேகமாக. கலீலன், கஸீரன் என்று நாம் கேட்டுப் பழகிய சொற்களிலும் கடைசியில் அந்த "அன்" நிற்கிறது. தமிழில் ஆக, சிங்களத்தில் ட்ட, அறபியில் அன். மூன்று பக்கமும் வால் ஆடும்போது ஆங்கிலத்தில் மட்டும் மொட்டையாக நிற்கும் சொல்லைப் பார்த்தால் பிள்ளைக்கு ஏதோ குறைவது போலத்தான் தோன்றும்.

ஆனால் தமிழிலேயே மொட்டையாக நிற்கும் சொற்கள் இல்லையா? இங்கேதான் ஆங்கிலம் தெரியாத உம்மாமாரும் பிள்ளைக்கு உதவி செய்யலாம். "உயரப் பறந்தது", "ஆழத் தோண்டு", "அகலத் திற", "கிட்ட வா", "மெல்ல நட". இவற்றில் "ஆக" எங்கே? இல்லை. "சும்மா" என்ற சொல்லைப் பாருங்கள். "அது சும்மா பேச்சு" என்றாலும் சும்மாதான், "சும்மா இரு" என்றாலும் சும்மாதான்.

அதைவிட ருசியான விஷயம், மொட்டைச் சொல்லுக்கும் வால் சேர்ந்த சொல்லுக்கும் நம் மொழியிலும் அர்த்தம் வேறுபடுகிறது. பட்டம் உயரப் பறந்தது என்போம். ஒருவரைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள் என்போம். மாற்றிச் சொல்ல மாட்டோம். முன்னது ஹை, பின்னது ஹைலி. கிட்ட வா என்றால் நியர். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றால் நியர்லி. கிணற்றை ஆழத் தோண்டுவது டீப், ஆழமாக நேசிப்பது டீப்லி. பார்த்தீர்களா, இந்த வேறுபாடு முழுவதும் நம் நாக்கிலேயே இருக்கிறது. பிள்ளை இடறும்போது "தமிழில் சொல் மகள், கிட்டவா, கிட்டத்தட்டவா?" என்று அடுப்படியிலிருந்தே ஒரு உம்மா கேட்கலாம். அதற்கு ஆங்கிலப் பட்டம் வேண்டியதில்லை.

லேட் என்ற சொல்லும் இப்படித்தான். ரயில் பிந்தி வந்தது என்றால் லேட். வானொலியில் பிந்திய செய்தி என்று சொல்லும்போது தாமதமான செய்தி என்றா விளங்குகிறோம்? ஆகக் கடைசியாகக் கிடைத்த, புதிய செய்தி என்றுதானே. லேட்லி என்பதும் அந்தப் பக்கம்தான், அண்மைக்காலமாக என்று பொருள். "ஐ கேம் லேட்லி" என்று ஒரு பிள்ளை சொன்னால் பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டதாக ஆகாது.

ஃப்ரீ என்பதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீ என்று மொட்டையாகச் சொன்னால் இலவசமாக. ஃப்ரீலி என்றால் தடையில்லாமல், தாராளமாக. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து ஃப்ரீயாகக் கொடுக்கப்படுகிறது என்பதற்கு "கிவன் ஃப்ரீ" என்று எழுத வேண்டும். "கிவன் ஃப்ரீலி" என்று எழுதினால் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றாகிவிடும். தோட்டத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். நம் நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். ஃப்ரீ என்று சட்டம் சொன்னது இந்த மலைக்கு வெகு லேட்டாக வந்தது. என் மாணவி அந்தப் பாடசாலைகளின் மூன்றாம் தலைமுறை. அவளுடைய பாட்டிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்லோ என்பதும் ஸ்லோலி என்பதும் ஒரே அர்த்தம்தான். மலைப்பாதை வளைவுகளில் "ஸ்லோ" என்றுதான் பலகை நிற்கும். பேச்சிலும் "டிரைவ் ஸ்லோ" என்பார்கள். ஆனால் விடைத்தாளில் ஸ்லோலி என்றே எழுதுவது பத்திரம். எல்லாப் பரீட்சகரும் பழைய ஆங்கிலத்தின் வரலாற்றை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 1997இல் அப்பிள் கம்பனி "திங்க் டிஃபரென்ட்" என்று வால் இல்லாமல் விளம்பரம் செய்தது. கம்பனி செய்யலாம், பரீட்சைக்குப் போகும் பிள்ளை செய்யக் கூடாது. ஆனால் ஹார்ட், ஃபாஸ்ட், லேட் என்பவற்றில் இந்தச் சமரசம் கிடையாது. அங்கே வால் இல்லாததுதான் சரி, யார் வெட்டினாலும் சரி.

அந்தப் பிள்ளை விண்ணப்பத்தைத் திருப்பி எழுதினாள். அதனுடன் ஒரு படிவமும் நிரப்ப வேண்டியிருந்தது. தாயின் தொழில், சம்பள விபரம் என்று ஒரு கட்டம். "அம்மாவுக்கு டெய்லி பெய்டுன்னு போடவா டீச்சர்?" என்றாள். தோட்டத்தில் இந்த இரண்டு வார்த்தைகளும் எல்லோருக்கும் தெரியும். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம் உள்ள தொழிலாளர்கள் டெய்லி பெய்ட். உத்தியோகத்தர்கள் மந்த்லி பெய்ட். டெய்லி, மந்த்லி இரண்டும் நம் வால் இல்லாக் கூட்டத்தின் ஒன்றுவிட்ட உறவுகள். இவற்றில் "லி" இருக்கிறது, ஆனால் ஒட்டியே பிறந்தது. பொருளுக்கும் அதே உருவம், செயலுக்கும் அதே உருவம். தமிழில் "தினசரி" என்ற சொல்லைப் போல. தினசரிப் பத்திரிகை என்போம், தினசரி வருகிறார் என்போம். ஏர்லி என்பதும் இந்த வகைதான்.

2021இல் அந்த டெய்லி என்பது 1000 ரூபாய் என்று சம்பளச் சபை மூலம் தீர்மானிக்கப்பட்டபோது தோட்டங்களில் எவ்வளவு பேச்சு நடந்தது என்பது ஹட்டன்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிர்ணயித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் என்ற குறை அப்போதும் ஓயவில்லை. டெய்லி பெய்ட் என்று எழுதுவது எளிது. அந்த டெய்லியை முழுதாக வாங்குவதற்கு எப்படி உழைக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அந்தப் பிள்ளை முன்பு "ஹார்ட்" என்று எழுதினாள்.

விண்ணப்பத்தைத் தபாலில் போடுவதற்கு முதல்நாள் தாயும் வந்திருந்தார். பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்து நேரே வந்தவர், படங்குத் துணியின் ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னால் மறுத்து, வாசல் படியிலேயே நின்றார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"எம் மக அந்தப் பழைய கொப்பியில என்னையப் பத்தி என்னா எழுதியிருந்தா டீச்சரம்மா? ரெண்டு நாளா அதையே சொல்லிக்கிட்டு இருக்கா."

கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டினேன், சிவப்பு மையை விட்டுவிட்டு. "எங்கம்மா பாடுபட்டு உழைக்குறாங்கன்னு எழுதியிருக்கு" என்று மகள் தமிழில் சொன்னாள். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அதைப் போயி இங்கிலீசுல எழுதணுமாக்கும்" என்றார். பிறகு, இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டார். என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

விடுதியிலிருந்து பதில் வரவில்லை. அதே கடிதத்தைக் கொஞ்சம் மாற்றி வேறு இரண்டு இடங்களுக்குப் போட்டாள். ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். இப்போது ஹட்டனில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில் கடிதங்கள் தட்டச்சுச் செய்கிறாள், மந்த்லி பெய்ட். லி இல்லாததால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கிலும் அவள் கெட்டிக்காரி.

அவளுடைய தங்கை இந்த வருடம் என்னிடம் வருகிறாள். போன கிழமை "ஷி ஸ்போக் ஃப்ரெண்ட்லி" என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி என்பவற்றுக்கு வால் இருக்கிறது, ஆனால் செயலுக்கு முன் போகாது, பொருளுக்கு மட்டும்தான், "இன் எ ஃப்ரெண்ட்லி வே" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "வால் இருந்தா வேணாங்கிறீங்க, இல்லாட்டி சரிங்கிறீங்க. இவங்க இங்கிலீசை யாரு டீச்சர் உண்டாக்கினாங்க?" என்றாள். மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். பனியும் இறங்கத் தொடங்கியிருந்தது. லோன்லியை அடுத்த நாளைக்கு வைத்துக்கொண்டு, டோர்ச் லைட்டைக் கையில் கொடுத்து அவளை அனுப்பி வைத்தேன்.